முதுமைக்கு ஒரு நாற்கால் துணை

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் முதியோரின் பகற்பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதை நாம் ஆறஅமர எண்ணிப் பார்ப்பது குறைவு. காலை ஏழு மணிக்கு மகன் வேலைக்குப் புறப்படுகின்றான். எட்டரை மணிக்கு மருமகள் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் தானும் வேலைக்குச் செல்கின்றாள். அதன்பின் மாலை வரை அந்த வீட்டில் பேசுவது தொலைக்காட்சி ஒன்றுதான். யன்னலோரக் கதிரையில் அமர்ந்திருக்கும் தாயோ தந்தையோ வீதியைப் பார்த்தபடி இருக்கின்றார். ஊரில் தோட்டத்துக்கு நீர் இறைத்த கைகளும், மாட்டுக்கு வைக்கோல் போட்ட கைகளும், நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திய கைகளும் இங்கே மடியில் சும்மா கிடக்கின்றன.

உணவுக்குக் குறைவில்லை, மருந்துக்கும் குறைவில்லை. பிள்ளைகளிடம் அன்பு இல்லை என்றும் கூறிவிட முடியாது. குறை வேறிடத்தில் இருக்கின்றது. தம்மை நம்பி ஓர் உயிர் இருக்கின்றது, தாம் எழுந்து வந்தால்தான் அதன் பொழுது விடியும் என்ற எண்ணம் அம்முதியோரிடமிருந்து பறிபோய்விட்டது.

நாம் வாழும் இந்தப் பிரித்தானிய நாட்டில், தனித்து வாழும் வெள்ளைக்கார முதியோர் பலர் இக்குறைக்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். மழை தூறினாலும் பனி கொட்டினாலும் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் நாய் கட்டிய வாருமாக அவர்கள் வீதியில் நடந்து செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். "இந்தச் சனத்துக்கு நாயிலே என்ன இவ்வளவு பைத்தியம்?" என்று சிரித்துவிட்டு அப்பாற் செல்கின்றோம். சிரிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, இவ்வழக்கத்தில் எமது மூத்தோருக்குப் பயன்படக்கூடியது ஏதேனும் உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரில் நாய், இங்கே நாய்

எமது ஊர்களில் நாய்க்கு இடம் படலையடியும் முற்றமுமே. மிஞ்சிய சோறும் மீன்முள்ளும் அதன் உணவு. கள்ளன் வந்தால் குரைப்பது அதன் கடமை. வீட்டினுள்ளே, அதிலும் அடுப்படிக்கும் சாமியறைக்கும் அருகே, அது வர நேர்ந்தால் விளக்குமாறு பறக்கும். இதற்கு ஆசாரம் ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். விசர்நாய்க்கடிக்கு ஆளானவர் பட்ட பாட்டையும், அக்காலத்தில் கடிபட்டவருக்கு வயிற்றில் தொடர்ச்சியாக ஏற்றப்பட்ட ஊசிகளையும் கண்டவர்கள் எமது முதியோர். அவர்களது அச்சம் அறியாமையால் வந்ததன்று, அனுபவத்தால் வந்தது. ஆனால், பிரித்தானியாவில் நாய்களிடையே அந்நோய் 1922 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. இதை அவர்களுக்கு எடுத்துக் கூறினால் பாதி அச்சம் நீங்கும்.

ஆசாரத்தை எடுத்துக்கொண்டாலும் எமது மரபு நாயை முற்றாகத் தள்ளிவைத்த மரபன்று. வைரவப் பெருமானின் வாகனம் நாய். மகாபாரதத்தின் முடிவில், தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு இந்திரனின் தேரில் ஏறித் தருமர் சுவர்க்கம் புக மறுக்கின்றார். அந்த நாயே தருமதேவதை என்பது பின்னர் வெளிப்படுகின்றது. நாலடியார் நட்பைப் பற்றிப் பேசும் இடத்தில், பழகிய பாகனையே கொல்லும் யானையினும், தன்மீது வேலை எறிந்தவனைக் கண்டும் வாலைக் குழைக்கும் நாயே நட்புக்கு உவமையாகத் தக்கது என்ற கருத்தை வைக்கின்றது. மேலைநாட்டில் ஹோமரின் ஒடிசிக் காவியத்திலும், இருபது ஆண்டுகள் அலைந்து பிச்சைக்காரக் கோலத்தில் வீடு திரும்பும் தலைவனை மனைவிக்கு முன்னதாகவே அடையாளம் கண்டுகொள்வது ஆர்கொஸ் என்ற அவனது கிழட்டு நாய்தான். கண்ட மறுகணமே அது உயிர்விடுகின்றது.

அகதிகளாகிய எமக்கு இக்கதை வெறுங்கதையாகத் தோன்றாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, கட்டியிருந்த ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு, பின்னாலே ஓடிவந்த நாய்களை அதட்டித் திருப்பிவிட்டு நடந்தவர்கள் எத்தனை பேர்! "நாய் தேவையில்லை" என்று இன்று கையை விரிக்கும் முதியோரிற் சிலரின் மனத்தடியில் அந்த இரவு கிடக்கக்கூடும் என்பதையும் பிள்ளைகள் உணர்தல் நன்று.

ஆராய்ச்சிகள் கூறுவன

வளர்ப்புப் பிராணிகளால் மனிதருக்கு உண்டாகும் நன்மை பற்றிய ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. நியூயோர்க்கைச் சேர்ந்த உளவியலாளர் போரிஸ் லெவின்சன், எவரோடும் பேச மறுத்த ஒரு சிறுவன் தமது நாயோடு பழகத் தொடங்கியதைக் கண்டு, 1962 இல் அதுபற்றி ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். அந்நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். அறிஞர் உலகம் முதலில் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டது.

1980 இல் வெளியான ஓர் ஆய்வுக்காக எரிக்கா பிரீட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் கடும் இருதய நோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 92 பேரை ஓராண்டு காலம் கவனித்தனர். வளர்ப்புப் பிராணி உடைய 53 பேரில் 3 பேரே அவ்வாண்டில் இறந்தனர். பிராணி இல்லாத 39 பேரில் 11 பேர் இறந்தனர். சிறிய ஆய்வுதான், எனினும் அதன்பின் இத்துறையை எவரும் வேடிக்கையாகக் கருதவில்லை.

2017 இல் சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தினர் மிகப் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டனர். 40 முதல் 80 வயது வரையான 34 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்ததில், தனித்து வாழ்வோரிடையே நாய் வளர்ப்பவர்களுக்கு மரண அபாயம், நாய் இல்லாதவர்களைவிட 33 வீதம் குறைவாகக் காணப்பட்டது. குடும்பமாக வாழ்வோரிடையே இவ்வேறுபாடு சிறியது. தனிமை எங்கே மிகுதியோ அங்கேதான் நாயின் பயனும் மிகுதி என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இங்கு ஒன்றை மறக்கலாகாது. நடக்கத் தெம்புள்ளவர்கள்தாம் நாய் வளர்க்கத் துணிவார்கள். ஆகவே நாய் வந்ததால் நலம் வந்ததா, நலம் இருந்ததால் நாய் வந்ததா என்பதை இத்தகைய ஆய்வுகள் முடிவாகக் கூறமாட்டா. நாய் ஒரு மருந்து என்று எண்ணி வாங்குவது தவறு.

நடையின் பயன்

காரணமும் விளைவும் தெளிவாகத் தெரியும் இடம் நடைதான். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகமும் லிங்கன் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், 65 வயதைக் கடந்த நாய் வளர்ப்போர் 43 பேரும், அவர்களையொத்த நாய் இல்லாதோர் 43 பேரும் ஒப்பிடப்பட்டனர். நாய் வளர்ப்போர் நாளொன்றுக்கு 22 நிமிடங்கள் கூடுதலாக நடந்தனர். அடிக்கணக்கிற் கூறினால் 2760 அடிகள். நாளுக்கு 22 நிமிடமெனில் வாரத்துக்கு 154 நிமிடம். முதியோர் வாரந்தோறும் 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அந்த அளவு நாயினாலேயே நிறைவேறிவிடுகின்றது.

தெற்காசியர்களாகிய எம்மிடையே நீரிழிவும் இருதய நோயும் இந்நாட்டு வெள்ளையரைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. "நடவுங்கள்" என்று வைத்தியர் ஒவ்வொரு முறையும் கூறுகின்றார். முதியவரும் தலையை ஆட்டுகின்றார். வீட்டுக்கு வந்ததும் "குளிர்", "முழங்கால் நோ", "எங்கே நடக்கிறது?" என்று காரணங்கள் பிறக்கின்றன. நாய் இக்காரணங்களை ஏற்றுக்கொள்வதில்லை. நேரம் வந்ததும் வாசலில் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கும். வைத்தியரின் ஆலோசனையைத் தட்டலாம். அந்தப் பார்வையைத் தட்டுவது கடினம்.

மொழி தேவைப்படாத துணை

எமது முதியோரின் தனிமையிற் பெரும்பகுதி மொழியால் வருவது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும்போது அருகிலிருக்கும் பாட்டி எதற்கென்று அறியாமல் தானும் சிரித்து வைக்கின்றார். நாய்க்கு இந்தத் தடை இல்லை. "வா", "இரு", "நில்", "பொறு" என்ற நான்கு தமிழ்ச் சொற்களைப் பழக்கிவிட்டால் அது தமிழ் நாய்தான். வாய்விட்டுப் பேச ஒருவரும் இல்லாத பகற்பொழுதில், ஊர்க்கதை முழுவதையும் சலிப்பின்றிக் கேட்கும் ஒரு காது கிடைக்கின்றது.

நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் உற்று நோக்கும்போது, இருவர் உடலிலும் ஒக்சிரோசின் என்னும் சுரப்பு அதிகரிப்பதாக யப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் கண்டறிந்தனர். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்குகொள்ளும் அதே சுரப்பு இது.

அடுத்த பயன் வீதியிற் கிடைக்கின்றது. இந்நாட்டவர் முன்பின் அறியாதவரோடு இலகுவில் பேசமாட்டார்கள். ஆனால் நாயோடு செல்பவரைக் கண்டால் நின்று அதன் பெயரையும் வயதையும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தென் லண்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் அயலவர் எவரோடும் பேசியதில்லை. மகள் ஊருக்குச் சென்றிருந்த ஆறு வாரமும் அவளது நாயைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. மகள் திரும்பி வந்தபோது, தெருவிலுள்ள ஏழு நாய்களின் பெயர்களும் அவற்றின் எசமானர் நால்வரின் பெயர்களும் அவருக்குத் தெரிந்திருந்தன. "நாயின்ரை பேர் கேட்டுத்தான் பிள்ளை நான் இங்கிலீசு படிச்சனான்" என்று அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. மகள் திரும்பிய பின்னரும் காலை நடை அவரிடமே நின்றுவிட்டது.

என்னை நம்பி ஓர் உயிர்

இவை யாவற்றுக்கும் மேலானது, முன்னர் கூறிய அந்தக் குறை தீர்வதாகும். நாய்க்கு வேளைக்கு உணவு வைக்க வேண்டும். தண்ணீர் மாற்ற வேண்டும். மயிர் வாரிவிட வேண்டும். வெளியே கூட்டிச் செல்ல வேண்டும். நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகின்றது. துணையை இழந்தவர்களுக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கும், மறதி தலைகாட்டத் தொடங்கியவர்களுக்கும் இவ்வொழுங்கு ஓர் ஊன்றுகோல். தாம் எவருக்கோ தேவைப்படுகின்றோம் என்ற உணர்வுடன் காலையில் எழுபவருக்கும், ஏன் எழவேண்டும் என்று எண்ணிப் படுத்திருப்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்த மாத்திரையாலும் ஈடுசெய்ய இயலாது.

தீமைகளையும் எண்ணுக

நன்மைகளை மட்டும் கூறி நிறுத்துவது முறையன்று. முதலாவது அபாயம் விழுதல். அமெரிக்காவில் வாரில் கட்டிய நாயை நடத்திச் சென்றபோது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த, 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களின் தொகை 2004 இல் 1671 ஆகவும், 2017 இல் 4396 ஆகவும் இருந்ததென 2019 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். தனித்தனியாகப் பார்க்கையில் அதிகம் முறிந்தது இடுப்பெலும்பு. எலும்பு பலவீனமான மூதாட்டியின் கையில் பலங்கொண்ட பெருநாயைக் கொடுப்பது அன்பாகாது. வாரைக் கையிற் சுற்றிக்கொள்ளாதிருத்தலும், வழுக்காத சப்பாத்து அணிதலும், பனி உறைந்த காலைகளில் நடையை வேறொருவரிடம் விடுதலும் அவசியம்.

இரண்டாவது, நோய். நீரிழிவால் காலில் புண் உள்ளவர்களும், நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சை பெறுபவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் நாய் வளர்க்கலாகாது. அவர்களுக்கு நகக்கீறலும் நாவால் நக்குதலும் தொற்றை உண்டாக்கக் கூடும். வீட்டில் தொய்வு நோயுள்ள பேரப்பிள்ளை இருப்பின் அதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, செலவு. மனிதருக்கு இந்நாட்டில் இலவச வைத்தியம் உண்டு, மிருகத்துக்கு இல்லை. மிருக வைத்தியர் கட்டணம் பெருந்தொகையாக வரும். காப்புறுதி செய்துகொள்வது நன்று. அரச உதவிப்பணம் பெறுவோரின் பிராணிகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் பி.டி.எஸ்.ஏ. என்ற தரும நிறுவனம் 1917 முதல் இயங்கி வருகின்றது. தகுதியுடையோர் அதன் உதவியை நாடலாம்.

நான்காவது, சட்டம். வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுச் சொந்தக்காரரிடமோ மாநகரசபையிடமோ எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டியில் உரியவரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். தோலின் கீழே அடையாளச் சில்லுப் பொருத்துவது 2016 முதல் கட்டாயம். நாயின் மலத்தை அள்ளி அகற்றாவிடின் தண்டப்பணம் கட்ட நேரும்.

எந்த நாய், எங்கே பெறுவது?

நாய்க்குட்டி பார்க்க அழகாயிருக்கும். ஆனால் அது கடிக்கும், காலுக்குள் ஓடும், இரவில் அழும். எழுபது வயதுக்காரருக்கு ஏற்றது வளர்ந்து பழக்கப்பட்ட, அமைதியான, சிறிய அல்லது நடுத்தர நாயே. நாய்கள் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழ்வன. ஏழெட்டு வயதான நாயை எடுத்தால் இருவர் முதுமையும் ஒத்துப்போகும். ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்கள் உருவத்திற் பெரியனவாயினும் சாதுவானவை. நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பவை.

கடையிலோ இணையத்திலோ அவசரப்பட்டு வாங்குவதைவிடக் காப்பகங்களை நாடுவது நல்லது. 1860 இல் தோன்றிய பற்றர்சீ நாய்கள் இல்லமும், 1891 இல் தோன்றிய டோக்ஸ் டிரஸ்டும் பேர்பெற்றவை. அங்குள்ளோர் குடும்பத்தின் நிலையைத் துருவித் துருவிக் கேட்பார்கள். அதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். பெண் கொடுப்பவர்களும் அப்படித்தானே கேட்கின்றார்கள்!

எமது அடுப்படியும் நாயும்

ஊரில் மிஞ்சிய கறியையும் சோற்றையும் போட்டு வளர்த்த பழக்கம் எமக்குண்டு. இங்கு அதைக் கைவிட வேண்டும். வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதிக்குக் கேடு விளைவிப்பவை. அவை இல்லாத கறி எம் வீட்டில் எது? உலர்ந்த முந்திரிகையும் திராட்சைப் பழமும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. ஆகவே பாயாசமும் கேசரியும் ஆகா. சொக்கிலேற்று நஞ்சு. நீரிழிவுக்காரர் உண்ணும் சீனியற்ற இனிப்புகளிலும் சுவிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி, சிறிதளவே உட்சென்றாலும் நாயின் உயிருக்கு ஆபத்து. சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். கீழே விழுந்த மாத்திரைகளையும் உடனே பொறுக்கிவிட வேண்டும்.

சைவ உணவுக்காரரான பெரியோர் இறைச்சியைத் தொடத் தயங்குவர். உலர் உணவு மணிகளாக வருகின்றது. கரண்டியால் அள்ளி வைத்துவிடலாம். சாமியறைக் கதவைச் சாத்தி வைத்தால் ஆசாரத்துக்கும் பங்கமில்லை.

வீட்டில் வைத்திருக்க இயலாதோர்

நாயின் பயனைப் பெற நாயைச் சொந்தமாக வைத்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. 1985 இல் தொடங்கப்பட்ட சின்னமன் டிரஸ்ட் என்ற தரும நிறுவனம், முதியோரும் தீராநோயாளரும் தம் பிராணிகளைப் பிரியாமல் வாழ உதவுகின்றது. நடக்க இயலாதவரின் நாயைத் தொண்டர்கள் நடத்திச் செல்கின்றனர். அவர் வைத்தியசாலையில் இருக்கும்போது பராமரிக்கின்றனர். அவர் காலமானால் முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி நாய்க்கு நிழல் தருகின்றனர். "எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பது?" என்ற கேள்விக்கு இது ஒரு விடை. நடக்கத் தெம்புள்ள எம் பெரியோர் அங்கே தொண்டராகவும் சேரலாம். முதியோர் இல்லங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் நாய்களை அழைத்துச் செல்லும் பெற்ஸ் அஸ் தெரபி என்ற அமைப்பு 1983 முதல் இயங்குகின்றது. உங்கள் பெற்றோர் இருக்கும் இல்லத்தில் அந்த ஏற்பாடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அயல்வீட்டு நாயை வாரத்தில் இருமுறை நடத்திச் செல்ல முன்வந்தால் அயலவரும் மகிழ்வர்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பிறந்தநாள் பரிசாக ஒரு நாயைக் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்ளாதீர்கள். முதலில் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். "பார்ப்போம்" என்றால், உறவினர் வீட்டு நாயோடு ஒரு வாரம் பழகவிட்டுப் பாருங்கள். குளிர்கால இரவில் நாயை வெளியே கொண்டுசெல்பவர் யார், நோயுற்றால் வைத்தியரிடம் கொண்டுசெல்பவர் யார், தாய் ஆறு வாரம் ஊருக்குப் போனால் பார்ப்பவர் யார் என்பவற்றை முன்னரே பேசித் தீர்மானியுங்கள். பேரப்பிள்ளைகளையும் இதில் ஈடுபடுத்துங்கள். பாட்டியும் பேரனும் ஒன்றாக நாயை நடத்திச் செல்லும் அரைமணி நேரத்தில் பேரனுக்குத் தமிழும் பாட்டிக்கு ஆங்கிலமும் சிறிது வளரும்.

ஒன்றை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள். நாய் வந்துவிட்டது, இனி அப்பாவுக்குத் துணை உண்டு என்று நீங்கள் பேசும் நேரத்தைக் குறைத்துவிட்டால், நாயால் வந்த நன்மை முழுவதும் அதோடு போய்விடும். வேலை முடிந்து வந்ததும் அவர் அருகே அமர்ந்து, இன்று நாய் என்ன செய்தது என்று கேளுங்கள். நெடுநாளாகச் சொல்ல எதுவுமின்றி இருந்தவர், சொல்வதற்கு ஒரு கதையோடு உங்களுக்காகக் காத்திருப்பார்.